பிறர்கையாற் பெறும் காலைக்கடன்

எமக்குச் சித்தாந்த சாத்திரம் பாடஞ்சொன்ன ஆசிரியப் பெருந்தகையார்க்கு இப்பொழுது 90 பிராயங் கடந்துவிட்டது. 3 ஆண்டுகளின் முன் நேர்ந்த பக்கவாதத்தால் அவர்க்கு வலக்கையும் வலக்காலும் வழங்காவாயின, நாவுஞ் சிறிது குழறும், அறிவுமட்டும் மழுங்கிற்றில்லை. மனைவியார் முன்னரே சிவபதமடைந்தனர். மக்கள் இருவரும் அயல்நாட்டிற் பணியிலுள்ளார். ஆதலின் முதியோர் இல்லமொன்றிற் பிறர் கையாற் பேணப்பட்டு வருகின்றார். மூவகைத் தீக்கையும் பெற்று, 60 ஆண்டுகட்கு மேலாக விடியலின் எழுந்து நீராடி நீறணிந்து அநுட்டானம் முடித்தாலன்றிப் பச்சைத் தண்ணீரும் பருகாதிருந்தவர் அவர்.

சென்ற மார்கழியில் ஒருநாள் விடியற்போதில் யாம் அவரைக் காணச் சென்றிருந்தேம். அவரைத் துடைத்து உடுத்தி முடித்த ஆயா (இல்லங்களில் வழங்கும் பெயர் அதுவாகலின் யாமும் அங்ஙனமே எழுதுகின்றாம்) நீற்றுச் சம்புடத்தைத் திறந்து, வழங்காத அவரது வலக்கையைத் தம் கையாற் பற்றியெடுத்து, அக்கையின் மூன்று விரல்களையும் நீற்றிற் றோய்த்து, அவர் நெற்றியிலே அவர் விரல்களாலேயே முக்குறியாக இடுவித்தார். அவ்வம்மையார் கழுத்திற் சிலுவை அணிந்தவர். ஆசிரியர் கண்மூடி ஐந்தெழுத்தை ஓதினர், பின் எம்மை நோக்கி, "தம்பி, இப்போது நீறிட்டது யார்? கை என்னது, அசைவு அவளது. நான் இட்டேனா, எனக்கு இடப்பட்டதா? அநுட்டானம் நிகழ்ந்ததா, இல்லையா? பத்திரிகைக்கெல்லாம் எழுதுகிறீரே, சொல்லும்" என்றார். யாம் விடைகூற மாட்டாது வாளா இருந்தேம். இக்கட்டுரை அவ்வினாவுக்கு யாம் தேடிய விடையாகும்.

விடை கூறுமுன் எம் குற்றமொன்றைக் கூறிவிடுதல் முறை. அதற்கு முந்திய ஆனித் திங்களில் யாம் சென்ற ஒரு காலை ஆயா அங்கில்லை. அடுத்த கூடத்தில் மூதாட்டி ஒருவர் வழுக்கி விழுந்தமையின் அங்கு ஓடியிருந்தனர். ஆசிரியர் படுக்கை நனைந்தும் அழுக்குற்றுங் கிடந்தது. அவர் எம்மைப் பார்த்தனர். பின் சுவரைப் பார்த்தனர். யாமோ, நீராடி வந்துள்ளேமென்றும், மாலையிற் பெரியபுராணச் சொற்பொழிவு உண்டென்றும் உள்ளத்துள்ளே காரணங் கற்பித்துக்கொண்டு, "ஆயாவை அழைத்து வருகிறேன், ஐயா" என்று சொல்லித் தாழ்வாரத்தில் வந்து நின்றேம். ஒரு மணிநேரஞ் சென்றது. துடைக்கும் வகை அறியாமை ஒரு காரணந்தான், கூசினமையே பெருங்காரணம்.

கலிக்கம்ப நாயனார் புராணத்தை யாம் எத்துணை முறை விரித்துரைத்துள்ளேம் என்பதற்குக் கணக்கில்லை. திருப்பெண்ணாகடத்திலே, முன் தம்மிடம் ஏவல்செய்து நீங்கிப் பின் அடியார் வேடந் தாங்கி வந்த ஒருவருடைய திருவடியை நாயனார் விளக்கப் புகுந்தபோது, இவர் நம் பழைய ஏவலாளரன்றோ என எண்ணி மனைவியார் நீர் வார்க்கத் தாழ்த்தனர். அத்தாழ்ப்பு ஒரு கணமே. அதற்கு நாயனார் செய்தது இன்னதென்பது அன்பர்கள் அறிவர். அதனைச் சொல்லுந்தோறும் அவையோர் அம்மையார்மேற் குறைகண்டு தலையசைப்பர், யாமும் உடனசைத்துள்ளேம். ஒரு கணத்திற்கு அஃதாயின் ஒரு மணிநேரத்திற்கு என்னாம்?

இனி அவ்வினையின் இயல்பைச் சிறிது கூறுவாம். வினையின் இயல்பறியாது அதன் பயனை ஆராய்தல் வெற்றுரையாம். அன்றியும் எம்போன்ற ஏட்டுப் புலவர் இதனை எளிய ஏவற்றொழிலென எண்ணியிருத்தல் உண்மை. யாம் பின்னர்ப் பல காலை அருகிருந்து கண்டது இது. 5 மணிக்கு ஆயா கைகழுவி வருவார். வெந்நீரின் சூட்டைத் தம் முழங்கையாற் றொட்டறிவார். திரையை இழுத்து மறைப்பார். "ஐயா, முகந் துடைக்கப் போகிறேன்" என்று சொல்லிய பின்னரே தொடுவார். கண்களை மூக்கின் பக்கத்து மூலையினின்று வெளிமூலை நோக்கித் துடைப்பார். ஒரு கண்ணுக்குப் பயன்பட்ட துணிப்பக்கம் மறு கண்ணுக்கு ஆகாது. தலையை உயர்த்தி ஒருபுறஞ் சாய்த்தே வாயைத் தூய்மை செய்வார். அன்றேல் நீர் மூச்சுக்குழலிற் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். எவ்வுறுப்பைத் துடைக்கின்றாரோ அதனை மட்டுந் திறந்து ஏனையவற்றைப் போர்த்துவைப்பார். தோல் மடிப்புக்களில் ஈரந் தங்காதபடி ஒற்றியெடுப்பார். பின் ஒருபுறமாகப் புரட்டி முதுகும் இடுப்பின் கீழும் குதிகாலும் பார்ப்பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் அது வெளுத்து மீளுமாயின் அச்சமில்லை. வெளுக்காது நிற்குமாயின் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அவ்விடத்தைத் தேய்த்தலாகாது என்றும், 2 மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தலே அதற்குக் காப்பு என்றும் அவர் எமக்குச் சொன்னார். சட்டை கழற்றும்போது நல்ல கை முன்னும் வழங்காத கை பின்னும். இடும்போது வழங்காத கை முன்னும் நல்ல கை பின்னும். இங்ஙனஞ் செய்யின் வலி குறையும். கஞ்சி ஊட்டுங்கால் நிமிர்த்தி இருத்தி, வாயின் நல்ல பக்கத்திற் சிறிது சிறிதாக வார்த்து, உண்டபின்னும் அரைமணி நேரம் படுக்கவிடார்.

இவ்வளவும் எண்மர்க்கு, 8 மணிக்குள். கணக்கிட்டால் ஒருவர்க்கு ஒரு நாழிகையுங் கிட்டாது. சித்தியார் ஒரு செய்யுளுக்கு உரைகாண யாம் இதனினும் பெரும்பொழுது எடுத்துக்கொள்வேம்.

இனி வினாவுக்கு வருவாம். கருத்தா ஆன்மா, கருவி கை. அக்கருவியைப் பிறரொருவர் இயக்கின் வினை அவருடையதாம். ஆகவே ஆசிரியர்க்கு அநுட்டானம் நிகழ்ந்ததில்லை என்பது பூருவபக்கம். அது பொருந்தாது. என்னை? கை நலமுற்றிருந்த நாளிலே அதனை இயக்கியவர் யாவர்? ஆன்மாவின் கிரியை ஆணவத்தால் மறைப்புண்டு கிடப்பது. கலை என்னுந் தத்துவம் அதனைச் சிறிது விளக்க, இறைவன் தந்த தனுவைக் கொண்டு அது தொழிற்படுகின்றது. கண்ணுக்கு ஆன்மா எவ்வாறு காட்டியும் உடனின்று கண்டும் உதவுகின்றதோ, அவ்வாறே ஆன்மாவுக்கு முதல்வன் உதவுவன் என்பது சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்தின் கருத்தாகவும், தன் கையைத் தானே தனித்து அசைத்தேன் என்று சொல்லத்தக்கவர் யாருமிலர். 60 ஆண்டு நீறிட்ட கையும் பிறர் தந்த கருவியே. இன்று அத்தொடரில் மற்றொரு கை இடையே கூடிற்று. அவ்வளவே.

அற்றேல் ஆன்மாவுக்கென உரியது ஒன்றுமின்றோ எனின், உண்டு; அது விழைவு. ஆசிரியர் விடியலில் விழித்தவுடன் சம்புடத்தை நோக்குகின்றனர். அந்நோக்கினாலே வினை அவர்க்கு உரியதாகின்றது. நீராட்டினை ஒரு வகையாக மட்டும் ஆகமங்கள் கூறாமல், வாருணத்தோடு நீற்றினாலாகும் ஆக்கினேயமும், மாந்திரமும், மானதமும் எனப் பலவாக வகுத்ததும் நீரிற் படிய இயலாதார் உளர் என்பது கருதியேயாம். நோயாளி கிடந்தவாறே செய்யும் மானதத்தை ஒரு சலுகையென எண்ணுதல் பிழை.

ஆயினும் ஈண்டு ஒரு வேறுபாடு நுணுகி அறியற்பாலது. எம் கை சடம், ஆயாவோ சடமல்லர். அவர்க்கும் இச்சையுண்டு, களைப்புண்டு, வீட்டிற் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உளர். அவரைக் கருவியென்று தொகுத்துவிடுதல் அநியாயம். ஆகலின் இவ்வினைக்குக் கருத்தா இருவர். திருநீலகண்ட நாயனாரும் மனைவியாரும் மூப்பெய்திய காலத்தில் ஒரு தண்டின் இருதலையையும் இருவர் பற்றித் தில்லைக் குளத்தில் மூழ்கினர். மூழ்குதல் ஒன்று, மூழ்கினவர் இருவர். ஆசிரியர் கட்டிலருகே நிகழ்வதும் அத்தகையதே. நீறிட்டவர் யார் என்னும் வினா ஒருவரையே விடையாக வேண்டி நின்றமையால் எம்மை மயக்கிற்று.

சிலர், ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. எஞ்ஞான்றும் சார்பின்றி நில்லாதது. இம்முதுமை அவ்வுண்மையை விளக்கவந்த அருளன்றோ, கிடப்பார் மகிழ்தல் வேண்டும் என்பர். பொருள் உண்மையே. ஆனால் அதனைத் தானே நடந்து குளத்திற்குச் செல்பவன், நனைந்த படுக்கையிற் கிடப்பவர்க்கு உபதேசித்தல் எமக்கு உடன்பாடன்று. முதலில் துணி மாற்றுக. உபதேசம் பின்னே பார்த்துக்கொள்ளலாம். அவ்வுண்மையை அவர் தாமே கண்டு கூறுவாராயின் யாம் கேட்கக் கடவேம்.

ஆசிரியர்க்கு அடுத்த கட்டிலில் ஒரு முதியவர் உளர். தம் பெயரும் மக்கள் முகமும் மறந்தவர். யாது சொல்லினும் விடையில்லை. அவரைப் புரட்டும்போதும் ஆயா, "அப்பா, இப்புறந் திரும்பப் போகிறோம்" என்று முன் சொல்லியே புரட்டுகின்றார். புதிதாக வந்த இளைஞன் ஒருவன், "அவருக்கு என்ன தெரியும், ஏன் சொல்கிறீர்கள், அக்கா?" என்று கேட்டான். சாத்திரம் பயின்றார்க்கு இவ்வினா புதியதன்று. அந்தக்கரணமே அறிவென்பாரை மறுத்து ஆன்மா அதனின் வேறென நிறுவும் நான்காஞ் சூத்திரம், அரசனையும் அமைச்சரையும் உவமையாக்கிற்று. அமைச்சர் ஒருவர்பின் ஒருவராக வெளியே நின்றுவிட அரசன் உள்ளே தனித்துப் புகுதல்போல, கருவிகள் நீங்க நீங்க ஆன்மா அவத்தைப்படும். புறத்தே நின்று நோக்குவார்க்கு அரண்மனை வெறிதெனத் தோன்றும். அரசன் இலன் என்பது அதனாற் பெறப்படாது. மறதிநோயும் கருவிகளின் கேடேயன்றி ஆன்மாவின் அழிவன்று. ஆகலின் அவரைத் தொடுமுன் சொல்லுதல் உபசாரமாத்திரமன்று. உள்ளே ஒருவர் உளர் என்னும் சித்தாந்தத்தை ஒப்புக்கொள்ளுதலாம். அவ்விளைஞனுக்கு யாம் இவ்வளவும் சொல்லவில்லை. ஆயா, "உன்னை யாராவது சொல்லாமற் புரட்டினால்?" என்றார், அவன் அடங்கினான்.

வினைப்பயனைத் துய்ப்பவரை இடையே புகுந்து தாங்குதல் இறைவன் ஆணைக்கு மாறாகாதோ என வினவுவாரும் உளர். இவ்வாறு வினவுவார் தமக்குக் காய்ச்சல் வந்துழி வைத்தியரை விலக்கக் கண்டிலேம். கிடப்பவர் துய்ப்பது அவர் பிராரத்தம். கண்டுங் கடப்பது நமக்கு ஆகாமியம். தந்தை ஒறுத்த பிள்ளைக்குத் தாய் நீர் கொடுத்தலைத் தந்தை வெறான். இதற்குமேல் இதனை விரித்தல் வேண்டா.

கூலி பெற்றுச் செய்வது புண்ணியமாமோ என்பது சற்று ஆராயத்தக்கது. முதல் இராசராச சோழர் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரரை நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாடோறும் 3 குறுணி நெல் வகுத்தார் என்பது கல்வெட்டு. நெல் பெற்றமையால் அவர்கள் பாடியது பாட்டன்றாயிற்றென யாருங் கூறார். வீரராசேந்திர சோழர் (1063-1070) காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு 15 படுக்கையுடைய ஆதுலர்சாலை ஒன்றைக் கூறுகின்றது. அங்கும் வைத்தியரோடு நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும் நெல் வகுக்கப்பட்டது. ஆகவே வயிற்றுக்கு வேண்டுவது பெறுதல் தொண்டினைத் தீண்டாது. வேண்டுவதினும் குறைவாகக் கொடுத்துப் பெருவேலை வாங்குதல் கொடுப்போர்மேல் நிற்கும் பாவம். எண்மர்க்கு ஒருவரை வைத்த கணக்கு எம் நெஞ்சை உறுத்துகின்றது.

அவ்வம்மையார் வேறு சமயத்தவராயிற்றே, அவர் செய்வது பசுபுண்ணியம் அன்றோ எனின், கூறுதும். சிவபுண்ணியத்தைப் புத்திபூர்வம், அபுத்திபூர்வம் என இருதிறப்படுத்தல் நம் நூன்மரபு. திருமறைக்காட்டில் நெய்யுண்ணப் புகுந்த எலி திருவிளக்கைத் தன்னையறியாது தூண்டி, மாவலியாய்ப் பிறந்த வரலாறு யாவரும் அறிந்தது. எலிக்கு உபகரித்த முதல்வன், அடியார் ஒருவர்க்கு நாடோறும் நீறிடும் கையைக் கணக்கில் எழுதான் என்றல் எமக்கு இயலவில்லை. அன்றியும் யாதொரு தெய்வத்தை வழிபடினும் ஆண்டுநின்று பயனளிப்பவன் சிவனே என்பது சித்தியார் துணிபாதலின், அவர் தம் நெறிநின்று செய்வதும் அவ்வழிச் சென்று சேர்வதே. இதனை அவரிடங்கூறி அவரை நம் வட்டத்துள் இழுத்தல் வேண்டுவதில்லை. அவர் எம்மிடம் கேட்டதெல்லாம் நீறு தீர்ந்தது, நல்ல நீறு எங்கே கிடைக்கும் என்பதே.

தொண்டு செய்வார்க்கு உரிய இலக்கணம் யாதென ஆராயின், திருக்குறிப்புத் தொண்ட நாயனார் திருப்பெயரிலேயே அஃது அடங்கியுள்ளது. காஞ்சியில் அடியார் உடையை வெளுத்துக் கொடுத்தவர் அவர். அத்தொழிலினும் அடியார் குறிப்பறிதலே அவர்க்குப் பெயராயிற்று. குளிர்நாளில், மெலிந்த மேனியும் அழுக்கடைந்த கந்தையுமாய் முதல்வர் எழுந்தருளியபோது, நாயனார் கந்தையைப் பறித்துக்கொண்டு போயினாரல்லர். மேனி இளைத்தது எதனால் என வினவினார். உடையை வேண்டிப் பெற்றார். மாலைக்குள் தருவதாக இசைந்தார். இன்று தாதியர்க்குப் பயிற்றும் முறையும் இதுவே: வினவுக, இசைவு பெறுக, சொன்ன பொழுதிற் செய்க. எச்சட்டை வேண்டும், இப்போது துடைக்கலாமா, பின்னரா என்று இரண்டிலொன்றைத் தெரிந்துகொள்ள விடுதலால், யாவும் பிறர் கையிற் போனவர்க்கு விழைவாவது தம் கையில் நிற்கும். யாம் முற்கூறியாங்கு அவ்விழைவே வினையை அவரதாக்குவது. அதனை விடாது விரைந்து துடைத்துச் செல்பவர், அழுக்கினைப் போக்கினாலும் அநுட்டானத்தையும் உடன் போக்கிவிடுகின்றார்.

இங்ஙனமாயினும் அவசரத்திற் பிழைத்த ஆயாவை வைதலும் எளிது. ஆசிரியரும் முதல் ஆண்டிற் பெண் தம்மைத் தொடுதலை ஒப்பாது பலநாள் சினந்தனராம். ஆடவர் ஒருவர் இல்லத்தில் இல்லாதிருந்தனர். பிறகு இடைக்கீழ்த் தூய்மைக்கு ஓர் ஆடவரை அமர்த்தினர். அவ்வொழுங்கு நேர்தற்கு ஓராண்டு சென்றது; கேட்பாரின்மையே காரணம். கேட்டிருக்கவேண்டியவருள் யாமும் ஒருவர்.

ஆதீனங்களுக்கும் மடங்களுக்கும் ஒரு விண்ணப்பம். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேர்க்கேனும் இடமுடைய இல்லம் அமைத்தற்கு வழிகூறுகின்றது. அரசு செய்வது செய்க. முதிய ஓதுவார்களும், தம்பிரான்களும், பாடஞ்சொன்ன பண்டிதர்களும் இறுதிநாளில் எங்குக் கிடக்கின்றனர் என்பதை நாம் எண்ணுதல் வேண்டும். பிறந்தநாட்கும் நினைவுநாட்கும் இல்லங்களில் உணவளிப்பார் பலர். விடியல் 5 மணிக்கு யாது நிகழ்கின்றதென வினவுவார் அரியர். மடங்களிற் சாத்திரம் பயிலும் இளைஞர், திங்களுக்குச் சில விடியலாயினும் அங்குச் சென்று, புரட்டவும் துடைக்கவும் ஊட்டவும் தக்காரிடம் முறையாகக் கற்றல் நன்று. வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்று பன்னிரண்டாஞ் சூத்திரத்தை ஒப்பிப்பவர்க்கு, அவ்வேடம் மூப்படைந்து நோய்ப்பட்டுக் கிடக்குமிடம் அயலாமோ?

தையிற் பிறந்த முதல் வாரத்தில் யாம் மீண்டும் சென்று, மேற்கூறியவற்றை ஆசிரியர்க்குச் சுருக்கி விண்ணப்பித்தேம். திருநீலகண்டர் உவமைக்கு மட்டும் இலேசாகச் சிரித்தார், எலியைப்பற்றிய பகுதிக்கு, "எலியோடு அவளை ஒப்பிட்டதாகப் படிப்பார் கொள்வர், பார்த்து எழுதும்" என்றார். அதனை மாற்றாது விட்டமைக்கு அவர் பொறுத்தருள்க. அன்பர்களும் அங்ஙனங் கொள்ளாதிருப்பாராக. பின் ஆயாவிடம், இன்று துணியை எம் கையிற் றருமாறு கேட்டேம். அவர் அருகில் நின்று சொல்லச் சொல்ல முகமும் மார்பும் முதுகும் யாமே துடைத்தேம். எம் கை நடுங்கிற்று. நீர் சிறிது படுக்கையிற் சிந்திற்று. சட்டையை எடுத்து இடக்கையிற் புகுத்தப் போனேம். ஆசிரியர், முன்னாளிற் சீர் பிரித்தலில் யாம் தவறியபோது கூறும் அதே குரலில், "வலக்கை முன்னே, தம்பி" என்றார்.